கால்நடை ஆபரேஷன் தியேட்டர்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: காட்பாடியில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். நாய், பூனைகள்தான் வரும். இதற்கு முன் மனிதர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தேன். இங்கே தியேட்டர் பொறுப்பு முழுக்க என்னுடையது. பெரும்பாலும் கருத்தடை ஆபரேஷன்கள். கொஞ்ச நாளாகச் சில நாய்களுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைக்கிறது. கத்தரி, ஃபோர்செப்ஸ் எல்லாவற்றிலும் பழுப்புக் கறை வேறு. ஃபார்மலின் புகை போடலாமா, புற ஊதா விளக்கு வாங்கலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். தியேட்டரைத் தயார் செய்யவும் பராமரிக்கவும் சரியான முறை என்ன?

பதில்: புகை வேண்டாம். விளக்கும் இப்போதைக்கு வேண்டாம். ஃபார்மலினில் பெர்மாங்கனேட்டைக் கலந்து, அறையை இரவு முழுக்க மூடி வைப்பது பழைய பழக்கம். அதிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மறுநாள் காலை முதலில் கதவைத் திறந்து அந்தக் காற்றை இழுக்கப்போவது நீங்கள்தான். புற ஊதா ஒளி நேராகப் படும் இடத்தில் மட்டும் வேலை செய்யும். மேசைக்கு அடியில், டிராலி சக்கரத்தில், தூசி மூடிய பரப்பில் அதனால் பயன் இல்லை. விளக்கின் மேலேயே தூசி படிந்துவிட்டால் அதுவும் போச்சு. முடியும் காய்ந்த ரத்தமும் கிடக்கும் அறையை இரண்டும் காப்பாற்றாது.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பழுப்புக் கறை. வேலூரைக் கேலி செய்யும் பழைய சொலவடையில் 'தண்ணீர் இல்லாத ஆறு' என்று வரும். பாலாற்றுப் படுகை ஊர்களில் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு சேர்ந்து நிலைமை இன்னும் மோசம். அந்தத் தண்ணீரில் கழுவி, அதையே ஆட்டோகிளேவில் (அழுத்தமான நீராவியில் கருவிகளைக் கிருமி நீக்கும் பாத்திரம்) ஊற்றினால், உப்பு கருவிகளின் மேல் படியும். கீல்களில் இறுகும். ஆட்டோகிளேவின் ஹீட்டரில் வெள்ளையாகப் படிந்து சூடேறும் நேரத்தை இழுக்கும். மருந்தையும் அது விடாது: குளோர்ஹெக்ஸிடின், குவாட்டர்னரி அமோனியம் வகைக் கிருமிநாசினிகள் இரண்டுமே கடின நீரில் வீரியம் குறையும்.

அதனால் ஆட்டோகிளேவுக்கும், கருவிகளைக் கடைசியாக அலசவும், மருந்து கலக்கவும் டிஸ்டில்ட் வாட்டர் அல்லது நல்ல ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். பெரிய செலவு இல்லை. முதல் கழுவலுக்குக் குழாய்த் தண்ணீர் போதும்.

கறையா துருவா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பென்சில் ரப்பரால் அழுத்தித் தேயுங்கள். கறை போய் அடியில் மழமழவென்று இருந்தால் அது வெறும் படிவு. சின்னக் குழி தெரிந்தால் துரு. குழி விழுந்த கருவியைத் தனியே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதை மற்றவற்றோடு சேர்த்து வைத்தால் துரு அவற்றுக்கும் பரவும்.

ஆபரேஷன் முடிந்தவுடன் கருவிகளைச் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். வெந்நீரில் போட்டால் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். சலைன் மீந்திருக்கிறதே என்று அதில் ஊறப்போடுவது பல கிளினிக்குகளில் நடக்கிறது. உப்புக்குப் பயந்து தண்ணீரை மாற்றிவிட்டு உப்பு நீரிலேயே போடுவதா? பிளீச்சிங் கரைசலும் கூடாது, ஸ்டீலை அரித்துவிடும். கீல்களைத் திறந்து, என்சைம் கலந்த நியூட்ரல் டிடர்ஜென்டில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் பற்களையும் கீலையும் தேயுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, முழுக்க உலர்த்துங்கள். கீல் இறுகினால் தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட வேண்டாம். எண்ணெய்ப் படலத்துக்குள் ஆவி போகாது. தண்ணீரில் கரையும் லூப்ரிகன்ட் தனியாகக் கிடைக்கிறது.

உங்களிடம் இருப்பது மேலே மூடி திறக்கும் செங்குத்து ஆட்டோகிளேவ் என்று நினைத்துச் சொல்கிறேன். நம் ஊர் கிளினிக்குகளில் அதுதான் அதிகம். குக்கரில் ஆவி நன்றாகச் சீறிய பிறகு வெயிட் போடுகிறோமே, அதே போல உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறிய பிறகுதான் வால்வை மூட வேண்டும். காற்று சிக்கிக்கொண்டால் அழுத்தமானி 15 பவுண்டு காட்டும், உள்ளே வெப்பம் 121 டிகிரியைத் தொட்டிருக்காது. துணியில் சுற்றிய பேக்குக்கு 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணாதீர்கள், 121-ஐத் தொட்ட பிறகு எண்ணுங்கள். நடுவில் கரன்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, முதலிலிருந்து முழு 30 நிமிடம்.

பேக்குகளைத் திணிக்காமல், இடைவெளி விட்டு நிறுத்தி வையுங்கள். முடிந்ததும் அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்ததை உறுதி செய்து, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளேயே காய விடுங்கள். ஈரமாக வெளியே வந்த பேக் ஸ்டெரைல் இல்லை. ஈரத் துணி வழியே கிருமி உள்ளே போய்விடும். மேலே ஒட்டும் டேப்பில் கோடு கறுத்தால் பேக் சூட்டைப் பார்த்தது என்று மட்டுமே அர்த்தம். அதனால் ஒவ்வொரு பேக்கின் நடுவிலும் ஒரு கெமிக்கல் இண்டிகேட்டர் பட்டை வையுங்கள், ஆவி உள்ளே வரை போனதா என்று அது நிறம் மாறிக் காட்டும். வாரம் ஒருமுறை ஸ்போர் (சூட்டைத் தாங்கும் கிருமி வித்து) உள்ள குப்பி வைத்து, அது செத்ததா என்று சோதிக்க முடிந்தால் இன்னும் நல்லது. பேக்கின் மேல் தேதி எழுதுங்கள். இரட்டைத் துணியில் சுற்றி மூடிய அலமாரியில் வைத்ததைக்கூட ஒரு மாதத்துக்கு மேல் நான் நம்ப மாட்டேன். கீழே விழுந்தது, கிழிந்தது, நனைந்தது எல்லாம் நேற்றுச் செய்ததாக இருந்தாலும் மறுபடி போட வேண்டும். ஸ்பிரிட் ட்ரேயில் கிடக்கும் கத்தரியை ஸ்டெரைல் என்று எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். ஸ்பிரிட் ஸ்போர்களைக் கொல்லாது.

அடுத்தது முடி. சி.எம்.சி. இருக்கும் ஊர் இது, தியேட்டர் ஒழுங்கு தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நீங்களும் அந்தப் பழக்கத்தில் வந்தவர். ஆனால் அங்கே மேசைக்கு வருபவருக்கு உடம்பெல்லாம் ரோமம் இல்லை, காலையில் புழுதியில் புரண்டுவிட்டும் வருவதில்லை. முடி எடுக்கும் வேலை எக்காரணம் கொண்டும் தியேட்டருக்குள் நடக்கக் கூடாது. தனி அறை இல்லையென்றால் கன்சல்டிங் அறையின் ஒரு மூலை போதும். மயக்கம் கொடுத்த பிறகு, 40-ஆம் எண் பிளேடு போட்ட கிளிப்பரால், தையல் வரும் இடத்தைச் சுற்றித் தாராளமாக எடுங்கள். ஷேவிங் பிளேடு வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அவற்றில்தான் கிருமி பிடிக்கும். கிளிப்பர் பிளேடும் சூடேறினால் தோலைச் சுட்டுவிடும், அடிக்கடி தொட்டுப் பாருங்கள். முனை உடைந்த பிளேடைத் தூக்கிப் போடுங்கள். ஒரு நாய்க்குப் போட்டதை அடுத்ததற்குப் போடும் முன் சுத்தம் செய்து கிருமி நீக்க வேண்டும். உங்களிடம் சீழ் வைத்த நாய்களில் பாதிக்கு இங்கேதான் காரணம் இருக்கும் என்பது என் சந்தேகம்.

வெட்டிய முடியை வாக்குவம் வைத்து எடுத்துவிட்டு, அங்கேயே முதல் கழுவலை முடியுங்கள். மூத்திரப்பை நிறைந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு, காலி செய்ய வேண்டியிருந்தால் அதையும் வெளியிலேயே முடித்துவிட வேண்டும். உள்ளே மேசையில் படுக்க வைத்த பிறகு கடைசி ஸ்க்ரப். குளோர்ஹெக்ஸிடினோ போவிடோன் அயோடினோ, எதுவானாலும் நடுவில் தொடங்கி வெளிப்பக்கம் போக வேண்டும். ஓரத்தைத் தொட்ட பஞ்சு நடுவுக்குத் திரும்பக் கூடாது. தடவியவுடன் துடைத்துவிட்டால் பயன் இல்லை, சில நிமிடங்கள் தோலில் இருக்க வேண்டும். காட்டரி (மின்சூட்டால் ரத்தக் கசிவை நிறுத்தும் கருவி) பயன்படுத்துவதாக இருந்தால் ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்ததா, வயிற்றுக்கு அடியில் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தீப்பிடிக்கும்.

அறையைப் பொறுத்தவரை, காலையில் முதல் கேஸுக்கு முன் ஈரத் துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும்: முதலில் விளக்கு, பிறகு அலமாரி மேல்புறம், டிராலி, மேசை, கடைசியில் தரை. துடைப்பம் உள்ளே வரவே கூடாது. பெருக்கினால் தூசி எழுந்து ஒரு மணி நேரம் கழித்து ட்ரேயில் இறங்கும். சீலிங் ஃபேனும் அப்படித்தான். கத்திரி வெயிலில் ஃபேன் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். ஏசி இருந்தால் அதை 22, 24 டிகிரியில் வையுங்கள். வெளியே 42 டிகிரி கொதிக்கிறதே என்று 18-ல் வைத்தால் மயக்கத்தில் இருக்கும் பூனையும் குட்டியும் உடல் சூடு இறங்கி, எழுந்திருக்க நேரமாகும். ஏசி ஃபில்டரை வாரா வாரம் கழற்றிக் கழுவுங்கள்.

தரைக்கும் பரப்புகளுக்கும் முதலில் டிடர்ஜென்ட், பிறகு தண்ணீர், அதன் பிறகுதான் கிருமிநாசினி. ரத்தத்தின் மேல் ஊற்றிய மருந்து ரத்தத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். கண் அளவில் கலக்காமல் அளவுக் குவளை வைத்துக்கொள்ளுங்கள். லேபிளில் 10 நிமிடம் என்றிருந்தால் 10 நிமிடமும் பரப்பு ஈரமாக இருக்க வேண்டும். நம் ஊர் கோடையில் மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும், அதனால் மறுபடி நனைக்க வேண்டியிருக்கும். பினாயிலை அடியோடு நிறுத்துங்கள், பூனைகளுக்கு ஃபீனால் விஷம். பார்வோ வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி உள்ளே வந்திருந்தால் குவாட்டர்னரி அமோனியத்தை நம்ப வேண்டாம். 4 சதவீத ஹைப்போகுளோரைட் 50 மில்லியை 950 மில்லி தண்ணீரில் கலந்து, கழுவிய பரப்பில் 10 நிமிடம் விட்டு அலசுங்கள். வெயில் காலத்தில் இது சீக்கிரம் வீரியம் இழக்கும், அன்றன்று கலக்க வேண்டும். ஆசிட்டோடு எப்போதும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். தியேட்டர் மாப் தியேட்டருக்கு மட்டும். துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், வெயிலுக்கு நமக்கென்ன குறை.

ஒவ்வொரு கேஸுக்கும் நடுவில் மேசை, அதன் கால்கள், காட்டரி வயர், டிரிப் ஸ்டாண்டு, சுற்றியுள்ள தரை. அவ்வளவு போதும், ஆனால் அவசரப்படுத்தினாலும் விடக் கூடாது. வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சுவர், சக்கரம், அலமாரி உட்புறம் வரை கழுவுங்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் வேண்டாம் என்பவர்கள் நம் பக்கம் நிறைய. அந்த நாளை இதற்கு வைத்துக்கொள்ளலாம்.

கேஸ் வரிசையை நீங்களே எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு ஆபரேஷன் இருந்தால் அது முதலில். அப்புறம் கருத்தடைகள். சீழ் பிடித்த கர்ப்பப்பை, குடல் சம்பந்தப்பட்டவை கடைசியில். புழு வைத்த புண்ணும் பல் சுத்தம் செய்வதும் தியேட்டருக்குள்ளேயே வர வேண்டாம். நாயின் சொந்தக்காரர் போனோடு கூட நிற்பேன் என்றால் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

மயக்க மருந்து மெஷின் இருந்தால் தினமும் லீக் பார்க்க வேண்டும். அதிகப்படி வாயுவை வெளியே விடும் பாப்-ஆஃப் வால்வை மூடி, குழாய் முனையை அடைத்து, ஆக்சிஜன் விட்டு 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பார்த்த கையோடு வால்வைத் திறந்துவிடுங்கள். மூடியபடி மறந்தால் அடுத்த நோயாளியின் நுரையீரல் வெடிக்கும், அதனால் 'வால்வு திறந்தது' என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் நல்லது. மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் நிறம் மாறியதா என்று ஆபரேஷன் முடிந்தவுடனே பாருங்கள். இரவு முழுக்க விட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பி ஏமாற்றும். சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, மாற்று சிலிண்டர் இருக்கிறதா, கரன்ட் போனால் விளக்கு எதில் எரியும் என்பதும் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கழிவைப் பற்றிச் சுருக்கமாக: 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். எடுத்த கர்ப்பப்பை, ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில். டிரிப் குழாய், கையுறை சிவப்பில். ஊசி, பிளேடு துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். மஞ்சள் பையை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இனி சீழுக்கு வருவோம். எல்லாப் பழியையும் தியேட்டர் மேல் போட்டுவிடாதீர்கள். கழுத்தில் கூம்பு கட்டாமல் விட்டு நாய் நக்கியிருக்கலாம், வீட்டில் மண் தரையில் படுத்திருக்கலாம். எது என்று தெரிய ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, அன்றைய வரிசையில் எத்தனையாவது கேஸ், எந்த ஆட்டோகிளேவ் லோடு, முடி எடுத்தவர் யார், எவ்வளவு நேரம் ஆனது, தையல் பிரிக்க வந்தபோது புண் எப்படி இருந்தது, கூம்பு போட்டிருந்ததா. இரண்டு மாதத்தில் அதுவே பேசும். சீழ் வைத்தவை ஒரே லோடில் விழுந்தால் ஆட்டோகிளேவைப் பாருங்கள். கடைசிக் கேஸ்களாகவே இருந்தால் நடுவில் துடைப்பது சரியில்லை. கூம்பு போடாதவையாக இருந்தால் அனுப்பும்போது சொந்தக்காரரிடம் பேசும் விதத்தை மாற்ற வேண்டும். மறுபடி சீழ் வந்தால், ஆன்டிபயாடிக் மாற்றுவதற்கு முன் சீழைப் பஞ்சுக் குச்சியில் (ஸ்வாப்) எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் அதற்கும், இண்டிகேட்டர் பட்டைகளுக்கும், இன்னும் இரண்டு கிளிப்பர் பிளேடுக்கும் போதும்.