பழைய 486-இல் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு

கேள்வி: 1994-இல் அப்பா வாங்கிய 486 டிஎக்ஸ்2 கணினி இன்னும் ஓடுகிறது. எம்எஸ்-டாஸ் 6.22, விண்டோஸ் 3.1, 8 எம்பி ராம். 420 எம்பி ஹார்டு டிஸ்க் மட்டும் கீச்சுக் குரலில் கத்த ஆரம்பித்துவிட்டது. கேமராவில் இருந்த 4 ஜிபி சி.எஃப். (காம்பாக்ட்ஃப்ளாஷ்) மெமரி கார்டை ஒரு அடாப்டரில் மாட்டிப் பார்த்தேன். கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் சில சமயம் உறைந்து நிற்கிறது. அதைத் தாண்டினால் ஃபார்மட் ஆகிறது, ஆனால் டாஸ் பூட் ஆகவில்லை. அடாப்டர் கோளாறா? எஸ்.டி. கார்டுக்கு மாறிவிடலாமா?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய டிஸ்க்கை இனி சும்மா சும்மா ஓட விடாதீர்கள். கத்தும் டிஸ்க் ஒவ்வொரு முறை சுழலத் தொடங்கும்போதும் அதுவே கடைசி முறையாக இருக்கலாம். அப்பாவின் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. கார்டைத் தனியாகச் சரிசெய்து முடித்த பிறகு, நகல் எடுக்க மட்டும் ஒரே ஒரு தடவை அதற்கு மின்சாரம் கொடுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: பயாஸ் செட்டப்பில் பழைய டிஸ்க்குக்கு எழுதியிருக்கும், அதன் அமைப்பைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்கள் மாறினால் டிஸ்க் நன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. பெட்டியைத் திறக்கும்போது மதர்போர்டு பேட்டரியையும் பாருங்கள். பச்சை பூத்த பீப்பாய் வடிவ பேட்டரி என்றால் வெட்டி எடுத்துவிட வேண்டும். கசியும் காரம் செப்புத் தடங்களை அரித்துவிடும்.

இனி கார்டு. நீங்கள் சி.எஃப். தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. 1994-இல் சான்டிஸ்க் கொண்டுவந்த இந்த கார்டுக்கு, ஹார்டு டிஸ்க்கும் கணினியும் பேசிக்கொள்ளும் ஐடிஇ மொழி பிறவியிலேயே தெரியும். அடாப்டர் என்பது பெரும்பாலும் பின்களை இணைக்கும் பலகை மட்டுமே. அதில் கெட்டுப்போக அதிகம் இல்லை. எஸ்.டி. கார்டு பேசுவது வேறு மொழி, நடுவில் மொழிபெயர்க்க ஒரு சில்லு வேண்டும். அதுவும் வேலை செய்யும். ஆனால் சிக்கல் வந்தால் குற்றம் கார்டிலா, சில்லிலா, பயாஸிலா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். கையில் சி.எஃப். இருக்கும்போது அந்த அலைச்சல் எதற்கு?

உங்கள் பயாஸ் உறைவதற்குக் காரணம் கார்டின் அளவுதான் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து பயாஸ் டிஸ்க்கை அணுகும் முறையில் சிலிண்டர் 1024-ஐத் தாண்டாது, செக்டர் 63-ஐத் தாண்டாது. ஐடிஇ பக்கம் ஹெட் 16-ஐத் தாண்டாது. மூன்றையும் பெருக்கி, ஒரு செக்டருக்கு 512 பைட் என்று வைத்தால் 52,84,82,304 பைட், அதாவது 504 எம்பி. 4 ஜிபி கார்டோ எனக்கு ஏழாயிரத்துக்கு மேல் சிலிண்டர் இருக்கிறது என்கிறது. 4096-க்கு மேற்பட்ட சிலிண்டர் எண்ணைக் கேட்டதும் நின்றுவிடும் பயாஸ்கள் அப்போது நிறைய. ஆகவே ‘ஆட்டோ’ தேர்வை விடுங்கள். ‘யூசர்’ அல்லது ‘டைப் 47’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து 1023 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று நீங்களே எழுதுங்கள். கார்டின் முதல் 504 எம்பி மட்டும் பயன்படும், மீதி சும்மா கிடக்கும்.

வீணாகிறதே என்று தோன்றும். 420 எம்பியில் முப்பது வருடம் ஓடிய கணினிக்கு இது தாராளம். செட்டப்பில் ‘எல்பிஏ’ (பெரிய டிஸ்க்கை அணுகும் முறை) என்று ஒரு தேர்வு இருந்தால் முழு கார்டையும் இரண்டு 2 ஜிபி பகுதிகளாக்கலாம், டாஸ் 6.22-க்கு ஒரு பகுதி 2 ஜிபிதான் உச்சம். ஆனால் அத்தனை பெரிய பகுதியில் ஒரு வரிக் கடிதம்கூட 32 கேபி இடத்தை அடைத்துக்கொள்ளும். 504 எம்பியில் அது 8 கேபி. ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற மென்பொருள் போட்டும் வரம்பை உடைக்கலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அப்புறம் அந்த கார்டை இன்றைய கணினியில் எளிதாகப் படிக்க முடியாது. அந்த வசதிக்காகத்தானே கார்டுக்கே வருகிறோம்.

கேபிளில் கார்டை மட்டும் மாட்டுங்கள். அடாப்டரின் ஜம்பர் (சிறு இணைப்பு மூடி) மாஸ்டரில், அதாவது முதல் டிஸ்க்காக, மின்னழுத்தத் தேர்வு இருந்தால் 5 வோல்ட்டில். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு 1-ஆம் பின் பக்கம் இருக்க வேண்டும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழ்.

டாஸ் ஃப்ளாப்பியில் பூட் செய்து, டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் எஃப்டிஸ்க்கை ஓட்டுங்கள். கேமரா போட்ட பழைய பகுதியை நீக்கிவிட்டு, முழு இடத்துக்கும் ஒரே பிரைமரி பகுதி. நீக்க மறுத்தால், இன்றைய விண்டோஸில் கார்டு ரீடரில் செருகி டிஸ்க்பார்ட்டின் ‘கிளீன்’ கட்டளையால் துடையுங்கள். அங்கே சரியான டிஸ்க்கைத்தான் தேர்ந்தெடுத்தோமா என்று இரண்டு தடவை பாருங்கள். மறுபடி ஃப்ளாப்பியில் பூட் செய்து ‘ஃபார்மட் சி: /எஸ்’.

இத்தனையும் நீங்கள் செய்திருப்பீர்கள். விட்டுப்போனது ‘எஃப்டிஸ்க் /எம்பிஆர்’ என்ற கட்டளையாக இருக்க வேண்டும். கார்டின் முதல் செக்டரில் ஏற்கெனவே கேமராவின் முத்திரை இருந்தால், எஃப்டிஸ்க் பகுதிப் பட்டியலை மட்டும் மாற்றும். பூட் செய்யும் நிரலை எழுதாது. கேமராவுக்கு பூட் தேவையில்லை என்பதால் அந்த இடத்தில் உருப்படியாக எதுவும் இருக்காது. இந்த ஒரு கட்டளை அதைச் சரிசெய்யும். கவனிக்க: இந்த வேலைகளை 486-இலேயே செய்யுங்கள். புதுக் கணினியில் ஃபார்மட் செய்து கொண்டுவந்தால் ஹெட், செக்டர் கணக்கு ஒத்துப்போகாமல் மறுபடி பூட் ஆகாமல் நிற்கும்.

கார்டிலிருந்து டாஸ் வந்ததும், கணினியை அணைத்துவிட்டுப் பழைய டிஸ்க்கை ஸ்லேவாக (இரண்டாம் டிஸ்க்காக) மாட்டி, தாளில் குறித்த எண்களை செட்டப்பில் கொடுங்கள். ‘எக்ஸ்காப்பி டி:\ சி:\பழையது\ /எஸ் /இ’. ‘பழையது’ என்ற இடத்தில் எட்டு எழுத்துக்குள் ஓர் ஆங்கிலப் பெயர். மறைந்திருக்கும் கோப்புகளை இது விட்டுவிடும் என்பதால் ‘டிர் டி:\ /ஏஎச் /எஸ்’ போட்டு அவசியமானவை உண்டா என்று பாருங்கள். ஒரே கேபிளில் சில சி.எஃப். கார்டுகள் இன்னொரு டிஸ்க்கோடு ஒத்துப்போகாது. அப்படியானால் டிஸ்க்கை மாஸ்டராகவும் கார்டை ஸ்லேவாகவும் மாற்றுங்கள். செட்டப்பிலும் எண்களை இடம் மாற்றி, நகலெடுக்கும் திசையையும் மாற்ற வேண்டும்.

விண்டோஸ் 3.1-இல் 32-பிட் டிஸ்க் ஆக்சஸை அணைத்துவிடுங்கள். ராமை 16 எம்பி ஆக்க முடிந்தால் ராம் போதாதபோது டிஸ்க்கில் எழுதும் ஸ்வாப் கோப்பும் வேண்டாம்; கார்டு தேய்வது ஓயாமல் எழுதுவதால்தான். கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டீஃப்ராக் ஓட்டவே வேண்டாம். கணினி ஓடும்போது கார்டை உருவக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் கார்டைப் புதுக் கணினியில் செருகி, ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் சொல்லி, முழு கார்டுக்கும் ஒரு இமேஜ் கோப்பு எடுத்து வையுங்கள். 1023, 16, 63 என்று ஒரு சீட்டில் எழுதி பெட்டியின் உட்புறம் ஒட்டுங்கள். பழைய டிஸ்க்கின் எண்களை அதன் தலையிலேயே எழுதி, ஆன்டிஸ்டேடிக் உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.