முடிகிறது, ஆனால் நடக்கவில்லை

அன்புள்ள அண்ணா,

ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.எஃப். வகைப்பாட்டை, அதாவது ஒருவரால் அன்றாடம் என்ன செய்ய முடிகிறது, சூழலில் எது தடுக்கிறது என்பதைக் குறியீடுகளாக எழுதும் முறையை, இனி எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. டாக்டருக்கு ஆர்வம். ஸ்பீச் தெரபிஸ்ட், "இன்னொரு ஃபாரம்" என்கிறார். நர்சுகள் நேரம் எங்கே என்கிறார்கள். இந்தத் துறையில் இருந்தவர் நீங்கள், என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நர்சுகள் கேட்பது நியாயம். 2001-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற அந்த வகைப்பாட்டில் 1,400-க்கும் மேல் தலைப்புகள். அப்படியே வார்டுக்குக் கொண்டுவந்தால் யாரும் தொட மாட்டார்கள். அதற்காகத்தான் அந்தந்த நோய்க்குத் தேவையான தலைப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்த 'கோர் செட்' பட்டியல்கள் வந்தன. பக்கவாதத்துக்கான சுருக்கப் பட்டியலில் 18 தலைப்புகள்தான். விரிவான பட்டியலில் 130, அந்தப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

ஆனாலும் இது வேண்டும் என்கிறேன். காரணம் என் அப்பா.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வீடு திரும்பியபோது டிஸ்சார்ஜ் சம்மரியில் 'துணையின்றி நடக்கிறார்' என்று இருந்தது. பொய்யில்லை. தெரபி ஹாலின் சமதரையில் கோல்கூட இல்லாமல் நடந்ததை நானே பார்த்தேன். எங்கள் வீட்டில் கழிப்பறை கொல்லையில். நடுவில் இரண்டு உயரமான படிகள், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மூன்று மாதம் அப்பா கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. பெட்பேன் வைக்க அம்மாவைத் தவிர யாரையும் அறைக்குள் விடமாட்டார். ஆக்குபேஷனல் தெரபிஸ்டான எனக்கும் அந்தப் படிகள் கண்ணில் படவில்லை. பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய படிகள்.

ஐ.சி.எஃப்.பில் டி450 என்றால் நடத்தல். புள்ளிக்குப் பின் இரண்டு எண்கள். முதலாவது, தான் வாழும் இடத்தில் அவர் உண்மையில் எப்படி நடக்கிறார். இரண்டாவது, உதவி எதுவும் இல்லாமல் அவரால் எவ்வளவு முடியும். 0 என்றால் சிரமமில்லை, 4 என்றால் முழுச் சிரமம். அப்பாவுக்கு டி450.41 என்று எழுதியிருப்பார்கள். எழுதிய கையோடு, முடிகிறவர் ஏன் நடக்கவில்லை என்று யாராவது கேட்டிருப்பார்கள். பதில் இ155-இல் இருக்கிறது, வீட்டுக் கட்டட அமைப்பு. சூழல் தடையாக இருந்தால் எண்ணுக்கு முன் புள்ளி, துணையாக இருந்தால் கூட்டல் குறி. இ310 நெருங்கிய குடும்பம்; அம்மாவுக்குக் கூட்டல் 4, அதாவது முழுத் துணை என்று போட்டிருப்பேன்.

கடைசியில் கொத்தனாரை வைத்துச் சரிவு போட்டு, இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்தோம். சிமெண்ட் காய்ந்ததும் அப்பா தானாகவே போனார்.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும்போது தடைகளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் சான்றிதழில் வருவது உடல் குறையின் சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும். அங்கே அந்தப் படிகளுக்கு இடமே இல்லை.

ஸ்பீச் தெரபிஸ்டின் எரிச்சலிலும் உண்மை உண்டு. 3 என்ற எண் 50 முதல் 95 சதவீதம் வரையான சிரமம் மொத்தத்தையும் அடைக்கிறது. 90-இல் இருந்தவர் 55-க்கு வந்தாலும் அதே 3தான். ஒரு மாத உழைப்பு தாளில் தெரியாது. அதனால் அவரவர் அளவுகோலைக் கைவிட வேண்டாம். முன்னேற்றத்தை அளக்க, அன்றாட வேலைகளுக்கு மதிப்பெண் போடும் பார்த்தெல் இண்டெக்ஸ் போன்றவை இருக்கட்டும். இது எல்லாரும் சேர்ந்து பேசுவதற்கான தாள்.

அப்புறம், ஒருவரிடம் ஃபாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் பயனில்லை. வாரக் கூட்டத்தில் ஒரே ஒரு நோயாளியை எடுங்கள். அவரும் வீட்டாரும் உடன் இருக்கட்டும். இரண்டு எண்களும் வேறுபடும் இடத்தில் நின்று பேசுங்கள். முதலில் நர்சிடம் கேளுங்கள். ராத்திரி அவர் எப்படி பாத்ரூம் போகிறார் என்று நர்சுக்குத்தான் தெரியும்.

முதல் கூட்டம் முடிந்ததும் எழுதுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் என்ன சொன்னார் என்று அறிய ஆவல்.

அன்புடன்,
அண்ணன்