வாசகர் கேள்விகள்: கண்ணால் வாசிக்கும் கவிதை

கேள்வி: சென்ற இதழில் பிரேசில் கவிஞர் ஔகுஸ்தோ தெ காம்போஸ் பற்றி எழுதிய கட்டுரையில், ஒரே சொல் திரும்பத் திரும்ப அச்சான ஒரு பக்கத்தைக் கவிதை என்று காட்டியிருந்தீர்கள். விளம்பரப் பலகைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?
– வாசகர், சுன்னாகம்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது 1965இல் வெளிவந்த ‘லுஷோ’ என்னும் கவிதை. போர்த்துக்கீச மொழியில் ‘லுஷோ’ என்றால் ஆடம்பரம். ‘லிஷோ’ என்றால் குப்பை. இரண்டுக்கும் இடையே ஓர் உயிரெழுத்துத்தான் வேறுபாடு. வளைவும் நெளிவும் மிகுந்த அலங்கார எழுத்தில் ‘ஆடம்பரம்’ என்ற சொல்லைச் சிறிதுசிறிதாகப் பல முறை அடுக்கி, அந்த அடுக்குகளையே செங்கல்லாகக் கொண்டு ‘குப்பை’ என்ற சொல்லைப் பெரிதாகக் கட்டியிருக்கிறார். தாளை முகத்தருகே பிடித்தால் ஆடம்பரமே தெரியும்; கையை நீட்டித் தூரப் பிடித்தால் குப்பையே தெரியும். இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய மறு ஆண்டில், மாளிகையும் சேரியும் அருகருகே நிற்கும் ஒரு நாட்டில் எழுதப்பட்ட கவிதை இது. விளம்பரம் பொருளை வாங்கச் சொல்லும். இது விளம்பரத்தின் எழுத்தையே எடுத்து அதன் பொய்யைக் காட்டுகிறது.

இதன் வலு தமிழ்க் காதுக்கு எட்ட வேண்டுமானால், ‘பணம்’ என்ற சொல்லை நூறு முறை அடுக்கிப் ‘பிணம்’ என்ற சொல்லைக் கட்டுவதாக எண்ணிப் பாருங்கள். பகரத்தின் மேல் ஏறும் ஒரு மேல்விலங்குதான் வேறுபாடு. பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும் என்று நம் முன்னோர் வாக்கியமாகச் சொன்னதை இங்கே வினைச்சொல்லே இல்லாமல் கண் படித்துக்கொள்ளும். இலக்கணம் செய்யும் வேலையை இடம் செய்கிறது. ஔகுஸ்தோவும் அவருடைய குழுவினரும் ‘கொங்கிறீட் கவிதை’ என்ற பெயரில் கொண்டுவந்த புதுமை அதுவே.

போர்த்துக்கீச மொழி நமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கீசர் சொல்லாக விட்டுச்சென்ற கதிரையிலும் வாங்கிலும் அமர்ந்துதான் நாம் இக்கவிதையைப் பார்க்கிறோம்.

கேள்வி: நாகபந்தமும் மாலைமாற்றும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தனவே. சித்திரகவியைக் கண்ட தமிழருக்கு இதில் என்ன புதிது?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கொக்குவில்

பதில்: பெருமை கொள்ள வேண்டிய இடம்தான். மூன்றாம் திருமுறையில் ஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றில் ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா’ என்ற அடியை எழுத்தெழுத்தாகத் திருப்பிப் படித்தால் அடுத்த அடி கிடைக்கிறது. ஔகுஸ்தோவும் ‘மீளக் காணல்’ என்று பொருள்படும் ‘ரெவேர்’ என்ற சொல்லை எடுத்து, இரு புறமிருந்தும் ஒன்றாகவே படிக்கத்தக்க அச்சொல்லின் பிற்பாதி எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சிட்டார்.

ஆனால் உறவைச் சொல்லும்போதே வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பின்னிய பாம்புகளின் படத்துக்குள் எழுத்துகளை அமைக்கும் நாகபந்தத்தில் முதலில் இருப்பது யாப்பு வழுவாத வெண்பா. பாம்புகள் பின்னும் சந்திகளில் ஓர் எழுத்தே இரு இடங்களுக்கும் பொருந்துமாறு அமைப்பது புலவரின் அரிய திறன். எனினும் படத்தை எடுத்துவிட்டாலும் வெண்பா வெண்பாவாகவே நிற்கும். அதை ஓதலாம், பொருள் கூறலாம். ‘லுஷோ’வின் வடிவத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு சொல் மட்டுமே. ஔகுஸ்தோ, அவருடைய தமையன் ஹரோல்தோ, நண்பர் டெசியோ பிக்னாதாரி ஆகிய மூவரும் 1958இல் வெளியிட்ட ‘கொங்கிறீட் கவிதைக்கான முன்னோடித் திட்டம்’ என்னும் அறிக்கையில், செய்யுளடியின் வரலாற்றுச் சுற்று முடிந்துவிட்டது என்றே அறிவித்தார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. தேவாரம் ஓதும் ஊரில் அடி முடிந்துவிட்டது என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் அந்தத் துணிவிலிருந்து பிறந்த கவிதைகளை நான் மதிக்கிறேன்.

ஓசையை அவர்கள் கைவிட்டதாகவும் கொள்ள வேண்டாம். 1953இல் ஔகுஸ்தோ எழுதிய ‘பொயெதாமெனோஸ்’ என்ற கவிதைத் தொடரில் சொற்களும் அசைகளும் பல நிறங்களில் வருகின்றன. ஒவ்வொரு நிறமும் ஒரு குரல். ஒரே இசைக்கோவையைச் சுரம் சுரமாகப் பிரித்து வெவ்வேறு வாத்தியங்களுக்குக் கொடுத்த ஒஸ்திரிய இசையமைப்பாளர் வேபர்னிடமிருந்து அந்த முறையை அவர் எடுத்துக்கொண்டார். நிற அச்சுக்கு வசதியில்லாத நிலையில், நிறக் கார்பன் தாள்களை மாற்றி மாற்றி வைத்துத் தட்டச்சுப் பொறியில் அடித்தார் என்பதை அறிந்தபோது அவர்மீது எனக்கு மதிப்புக் கூடியது.

கேள்வி: அவர்களுடைய குழுவின் பெயரான ‘நொய்காந்த்ரெஸ்’ என்பதன் பொருள் என்ன?
– மாணவர், பருத்தித்துறை

பதில்: தென் பிரான்சின் பழைய மொழியான புரோவான்சலில் பாடிய கவிஞர் ஆர்னோ தானியேலின் பாட்டில் வரும், அறிஞர்களுக்கும் பொருள் பிடிபடாத சொல் அது. அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் ‘காண்டோஸ்’ என்ற நெடுங்கவிதையின் இருபதாம் காண்டத்தில் அதைக் கண்டு, 1952இல் தங்கள் குழுவுக்கும் இதழுக்கும் பெயராக வைத்தார்கள்.

கேள்வி: ஷெல்லடியில் தலையிழந்த எங்கள் வளவுப் பனையைப் பற்றி, பனை வடிவிலேயே சொற்களை அடுக்கி ஒரு கவிதை எழுதி அனுப்பியுள்ளேன். இதுவும் அந்த வகையில் சேருமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: உங்கள் கவிதையைப் பல முறை படித்தேன். அதன் வரிகள் உண்மையானவை. ஆனால் நீங்கள் வரைந்திருப்பது ஓலை விரித்த முழுப் பனை. வரிகள் சொல்வதோ தலை போன பனையை. கண் ஒன்றைக் காண, வாசகம் வேறொன்றைச் சொல்கிறது. சாதாரணமாக எழுதினாலும் குறைவுபடாத வரிகளுக்கு மரத்தின் உருவம் உடுப்பாக மட்டுமே அமைந்துவிட்டது.

இதே வகைக் கவிதை எழுதிய, பொலிவியாவில் பிறந்த சுவிஸ் கவிஞர் ஓய்கன் கோம்ரிங்கரை 1955இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் பிக்னாதாரி சந்தித்தார். கோம்ரிங்கரின் புகழ்பெற்ற கவிதை ஒன்றில் ‘மௌனம்’ என்ற சொல் பதினான்கு முறை, வரிக்கு மூன்றாக ஐந்து வரிகளில் வருகிறது. நடு வரியின் நடுவில் மட்டும் சொல் இல்லை. அந்த வெற்றிடமே மௌனம். பதினான்கு முறை சொல்லியும் வராதது, சொல்லாமல் விட்ட ஓரிடத்தில் வந்துவிடுகிறது.

உங்கள் வளவில் நிற்பதும் அத்தகைய வெற்றிடந்தானே? ‘பனை’ என்ற சொல்லை மட்டும் கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள். உச்சியில் பகரம் மட்டும் நிற்கட்டும், அதற்குமேல் பாதிப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். எங்கே முறிய வேண்டும், எவ்வளவு வெறுமை வேண்டும் என்பதை அந்த மரத்தைப் பார்த்தவர் என்ற முறையில் நீங்களே தீர்மானித்து மீண்டும் அனுப்புங்கள். அந்த வெற்றுத்தாள் குறையாமல் முழுப் பக்கத்தில் அச்சிடுகிறோம்.