வீக்க மாத்திரையில் பாக்டீரியாவா?

கேள்வி: ஞானப்பல் எடுத்த பிறகு பல் மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார். அட்டையில் அசிக்லோஃபெனாக், பாராசிட்டமால், செராஷியோபெப்டிடேஸ் என்று போட்டிருக்கிறது. கடைசியாக உள்ளது பாக்டீரியாவிலிருந்து எடுப்பது என்கிறான் மகன். சாப்பிடலாமா? இதயத்துக்காக குளோபிடோக்ரல் போட்டுக்கொண்டிருக்கிறேன். வயது 61.

பதில்: மகன் சொல்வது சரிதான். ஆனால் மாத்திரையில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா அல்ல. செராஷியா என்ற பாக்டீரியா சுரக்கும் ஒரு புரதம். 1960களின் கடைசியில் ஜப்பானில், பட்டுப்புழுவின் குடலில் இருந்த பாக்டீரியாவிலிருந்து பிரித்தார்கள். மற்ற புரதங்களை வெட்டும் நொதி இது. காயத்தைச் சுற்றித் தேங்கும் புரதக் கழிவைக் கரைத்து வீக்கத்தை வடிய வைக்கும் என்பது கணக்கு.

கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாய்வழியாகச் சாப்பிடும் புரதம் இரைப்பை அமிலத்தில் சிதைந்துவிடும். அதனால்தான் குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு கொடுக்கிறார்கள் (இந்த மாத்திரையை உடைத்துச் சாப்பிடக் கூடாது என்பது இதற்காகத்தான்). அப்படியும் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். ஜப்பானில் இதை விற்றுவந்த தகேடா நிறுவனமே, மறு ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தெரியாததால், 2011இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் ஊரில் பல் பிடுங்கினாலும் சரி, கால் சுளுக்கினாலும் சரி, சீட்டில் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

அதற்காக பாக்டீரியா புரதம் என்றாலே வீண் என்று நினைக்க வேண்டாம். மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பாக்டீரியா தந்ததே. இம்லிஃபிடேஸ் என்று இன்னொன்று, மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய எதிர்ப்புப் புரதங்களை வெட்டிப் போடுகிறது; ஐரோப்பாவில் 2020இல் அனுமதி கிடைத்தது. இரண்டையும் நேராக ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அசிக்லோஃபெனாக் என்ற வலி நிவாரணி பற்றித்தான். ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் குளோபிடோக்ரலோடு சேரும்போது இரைப்பையில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். இதய நோயாளிகளுக்கு அசிக்லோஃபெனாக் அவ்வளவு உகந்த மருந்தும் அல்ல. அடுத்த மாத்திரைக்கு முன் பல் மருத்துவருக்குப் போன் செய்து, குளோபிடோக்ரல் போடுவதைச் சொல்லி, பாராசிட்டமால் மட்டும் போதுமா என்று கேளுங்கள். குளோபிடோக்ரலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மலம் கருப்பாகப் போனாலோ, பல் எடுத்த இடத்தில் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.