எதை நம்புவது, எவ்வளவு நம்புவது? இணையச் செய்தியும் அரசியல் பேச்சும்: கேள்வி பதில்

செய்திகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இணையத்தில் செய்தி எப்படிப் பரவுகிறது, அரசியல் பேச்சு ஏன் இவ்வளவு கசந்துபோனது என்று பலரும் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

உண்மையைவிடப் பொய் வேகமாகப் பரவும் என்கிறார்களே, அதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொரூஷ் வொசூகி, டெப் ராய், சினான் ஆரல் மூவரும் 2018-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளையும் அவற்றைப் பகிர்ந்த சுமார் 30 லட்சம் பேரையும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதல். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குச் சுமார் ஆறு மடங்கு நேரம் பிடித்தது. அரசியல் பொய்கள்தான் எல்லாவற்றையும் முந்தின.

இதெல்லாம் மனிதர்கள் இல்லாமல் தானாகப் பதிவிடும் பாட் கணக்குகளின் வேலை என்று நினைக்கத் தோன்றும். அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பகிர்ந்தவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள்தான். பொய்யில் புதுமை இருக்கிறது, ஆச்சரியமும் அருவருப்பும் அதிகம் எழுகின்றன, அதனால் கை தானாகப் பகிர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். அந்த ஆய்வு சரிபார்ப்பாளர்கள் ஏற்கெனவே கையில் எடுத்த செய்திகளை மட்டுமே கணக்கில் கொண்டது. இணையத்தில் இருப்பதெல்லாம் பொய் என்று அது சொல்லவில்லை.

நம்மைக் கோபப்படுத்துவதற்காகவே அல்காரிதத்தை எழுதுகிறார்களா?

கோபமூட்ட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து எழுதியதாக நான் நினைக்கவில்லை. அல்காரிதம் என்பது எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் கணினி நிரல். எதைக் கண்டால் ஆட்கள் நிற்கிறார்கள், எழுதுகிறார்கள், பகிர்கிறார்கள் என்பதை அது எண்ணுகிறது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது அந்த எண்ணிக்கைக்குள் வருவதே இல்லை. ஃபேஸ்புக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் கோபம், சிரிப்பு, வியப்பு போன்ற எமோஜிகளுக்கு ஒரு லைக்கைப்போல் ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தார்கள். 2018 தொடக்கத்தில், பின்னூட்டமும் உரையாடலும் அதிகம் பெறும் பதிவுகளை மேலே கொண்டுவரும் மாற்றம் வந்தது. குடும்பமும் நண்பர்களும் நெருங்கிப் பேச வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் மனிதர்கள் அதிகம் பேசுவது சண்டை வரும்போதுதானே. கோப எமோஜி அதிகம் விழும் பதிவுகளில் பொய்யும் நச்சுப்பேச்சும் கூடுதலாக இருப்பதை நிறுவனத்தின் உள் ஆய்வாளர்களே கண்டார்கள். கடைசியில் 2020-ல் அந்த எமோஜியின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அரசியல்வாதிகளும் ஊடகங்களும் அந்தக் கணக்குக்கு ஏற்றபடி தங்கள் தொனியை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். நிறுவனம் ஓர் எண்ணைத் திருத்திவிடலாம். பழகிப்போன தொனி அதோடு மாறிவிடாது.

அப்படியானால் நேர வரிசைப்படி பதிவுகளைக் காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

2020 அமெரிக்கத் தேர்தலின்போது இதைச் சோதித்தே பார்த்தார்கள். பல பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுடன் சேர்ந்து, சம்மதித்த பயனர்களுக்கு மூன்று மாதம் நேர வரிசை ஃபீட் கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது. தளத்தில் செலவிடும் நேரம் குறைந்தது. அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நம்பகமற்ற இடங்களிலிருந்து வரும் பதிவுகள் கண்ணில் படுவதோ கூடிவிட்டது. பல ஆண்டுகளாக ஊறிய பகையை மூன்று மாதத்தில் பதிவுகளின் வரிசை மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பதே தவறு என்பது என் எண்ணம்.

ஒரே கருத்துள்ளவர்களுக்குள்ளேயே அடைந்துகிடக்கிறேன். எதிர்த்தரப்பைப் பின்தொடரலாமா?

தொடரலாம், ஆனால் யாரை என்பதில் நிதானம் வேண்டும். கிறிஸ் பெயில் என்ற சமூகவியலாளரின் குழு 2018-ல் வெளியிட்ட சோதனையில், தங்களுக்கு எதிரான கட்சியின் குரல்களைப் பகிரும் ஒரு ட்விட்டர் கணக்கை ஒரு மாதம் தொடரும்படி அமெரிக்கர்கள் பலருக்குப் பணம் கொடுத்தார்கள். குடியரசுக் கட்சியினர் முன்பைவிட இறுகிப்போனார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் பெரிய மாற்றம் தெரியவில்லை. உரக்கக் கத்துபவரைத் தினமும் கேட்டால் அந்தத் தரப்பு முழுவதுமே அப்படித்தான் என்று மனம் முடிவுகட்டிவிடும். எதிர்த்தரப்பில் தன் கட்சியையும் தவறு என்று சொல்லத் துணிந்த ஒருவரைத் தேடிப் படியுங்கள்.

பெரியப்பா குடும்பக் குழுவில் தினமும் பொய்ச் செய்திகளை ஃபார்வர்டு செய்கிறார். சொன்னால் கோபித்துக்கொள்கிறார். சும்மா இருப்பதா, சண்டை போடுவதா?

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். பெரியப்பாவும் பெரியம்மாவும் மாமாவும் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை.

குழுவில் எல்லோர் முன்னிலையிலும் "இது பொய்" என்று போடாதீர்கள். அந்த இடத்தில் அவருக்குச் செய்தியைவிட மரியாதை பெரிதாகிவிடும், அதைக் காப்பாற்றவே வாதாடுவார். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர் ஏன் அதை அனுப்பினார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அக்கறையில்தான் அனுப்பியிருப்பார். பிள்ளைகளுக்கு ஆபத்து, பணம் போய்விடும், நம் ஆட்களைத் தாக்குகிறார்கள் என்ற பயம் இருந்திருக்கும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் செய்தியை மட்டும் உடைத்தால், நாளைக்கே அதே பயத்தோடு இன்னொரு செய்தி வந்து சேரும்.

திருத்தினால் இன்னும் பிடிவாதமாகிவிடுவார்கள் என்று கைவிட்டுவிடாதீர்கள். 2010-ல் பிரெண்டன் நைஹான், ஜேசன் ரைஃப்லர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்த எண்ணம் பரவியது. பின்னர் தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 10,000 பேருக்கு மேல், 52 விஷயங்களில் சோதித்தபோது அப்படி எதிர்விளைவு ஏற்படவில்லை. ஆட்கள் சரியான தகவலின் பக்கம் நகர்ந்தார்கள். கட்சியை மாற்றிக்கொள்வார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். தகவல் ஒன்று, விசுவாசம் வேறு.

திருத்தும்போது உண்மையை முதலில் சொல்லுங்கள். பொய்யைத் திரும்பத் திரும்ப உச்சரித்து மறுத்தால் பொய்தான் மனதில் தங்கும். ஒரு வாக்கியத்தைப் பலமுறை கேட்டாலே அது உண்மைபோலத் தோன்றத் தொடங்கும் என்பதை 1977-லேயே உளவியலாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் பொய்ப் படத்தின் ஸ்கிரீன்ஷாட்டை 'பாருங்கள், எவ்வளவு பெரிய பொய்' என்று நாமே சுற்றுக்கு விடுவதையும் தவிர்க்கச் சொல்கிறேன்.

பெரியப்பாவிடம் இன்னொன்றும் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அந்தச் செய்தி அவரிடம் வருவதற்குள் குறைந்தது ஐந்து முறையாவது கை மாறியிருக்கிறது. எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கே தெரியாது. 2020 ஏப்ரலில் இத்தகைய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டுப்பாடு வந்தது. அதன்பிறகு அவை பரவுவது 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. யாரையும் தடுக்காமல், எதையும் அழிக்காமல், சிறிய தாமதம் ஒன்றினால் கிடைத்த பலன் அது. உங்கள் குடும்பத்திலும் அதைச் செய்யலாம். 'அனுப்புவதற்கு முன் எனக்கு மட்டும் ஒருமுறை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்' என்று கேட்டுப் பாருங்கள். தன்னிடம் உதவி கேட்கிறார்கள் என்றால் பெரியவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவால் அச்சு அசலாகப் போலிக் குரலும் காணொளியும் செய்யும் டீப்ஃபேக் வந்துவிட்டது. இனி கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் நம்பவே கூடாது, அப்படித்தானே?

அப்படி இல்லை. இந்த முடிவுக்குப் பலரும் வந்துவிடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

ஆபத்து நிஜம். 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, முற்போக்கு ஸ்லோவாக்கியா கட்சித் தலைவர் ஒரு பத்திரிகையாளரோடு தேர்தல் முறைகேடு பற்றிப் பேசுவதுபோல ஒரு ஒலிப்பதிவு பரவியது. போலி என்று இருவரும் உடனே மறுத்தார்கள். ஆனால் அது பிரசாரம் ஓய்ந்த நேரம், மறுப்பு எல்லோரையும் எட்ட வழியில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஜோ பைடனின் குரலை நகலெடுத்து 'வாக்களிக்க வராதீர்கள்' என்று வாக்காளர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் போயின. அதை ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். எதையும் போலியாகச் செய்ய முடியும் என்று மக்கள் அறிந்துவிட்டால், உண்மையான ஆதாரத்தையும் போலி என்று தள்ளிவிட முடியும். பாபி செஸ்னி, டேனியல் சிட்ரன் என்ற இரு சட்ட அறிஞர்கள் இந்த ஆபத்தை முன்பே எழுதினார்கள். 2024 ஆகஸ்டில் டெட்ராய்ட் விமான நிலையத்தில் கமலா ஹாரிஸுக்குத் திரண்ட கூட்டத்தின் படம் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டது என்று டொனால்ட் டிரம்ப் பதிவிட்டார். கூட்டம் உண்மை. பல செய்தி நிறுவனங்களின் கேமராக்கள் வெவ்வேறு கோணங்களில் அதைப் பதிவு செய்திருந்தன.

போலியைக் கண்டுபிடிக்க, படத்தில் விரல்கள் கூடுதலாக இருக்கின்றனவா என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அந்தக் குறைகளெல்லாம் வேகமாக மறைந்துவருகின்றன. அந்த இடத்தில் வேறு யார் இருந்தார்கள், வேறு எந்தக் கேமரா பார்த்தது, முதலில் யார் வெளியிட்டார், அவர் அங்கே போயிருந்தாரா என்று கேளுங்கள். எதையுமே நம்பாதவரை ஏமாற்ற முடியாது என்று நினைக்கிறோம். உண்மையில், எது நிரூபிக்கப்பட்டாலும் 'எல்லாம் பொய்தானே' என்று தோளைக் குலுக்குபவர்தான் தவறு செய்யும் அதிகாரிக்கு மிக வசதியான குடிமகன்.

ஊடகங்களே விலைபோய்விட்டன. அவற்றை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

ஊடகங்களை மொத்தமாக நம்பச் சொல்லவில்லை. பணத்துக்காகக் கதைவிடுவது இணையத்தோடு பிறந்ததும் இல்லை. 1835-ல் நியூயார்க்கின் 'சன்' நாளிதழ், நிலவில் இறக்கை முளைத்த மனிதர்கள் வாழ்வதாகத் தொடர் கட்டுரை போட்டு விற்பனையைப் பெருக்கிக்கொண்டது. உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு, நீங்கள் தனியாகவும் இல்லை. ஊடகங்களை ஆராயும் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் 2024 அறிக்கையில் 47 நாடுகள், பிரதேசங்களில் கேட்டபோது, பெரும்பாலான செய்திகளைப் பெரும்பாலும் நம்புகிறேன் என்றவர்கள் 40 சதவீதம். ஃபின்லாந்தில் 69, கிரீஸிலும் ஹங்கேரியிலும் 23.

நான் ஒரு செய்தி நிறுவனத்தை எடைபோடும்போது முதலில் தேடுவது அதன் திருத்தங்களை. தவறு நேர்ந்தால் அதே இடத்தில், தேதியோடு, என்ன மாறியது என்று சொல்கிறார்களா, சத்தமில்லாமல் அழித்துவிடுகிறார்களா? அடுத்தது, தன் உரிமையாளருக்கோ விளம்பரதாரருக்கோ பிடிக்காத செய்தி எப்போதாவது அதில் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். செய்தியும் கருத்தும் கலந்து கிடந்தால் விலகிவிடுவேன். ஒரே நிறுவனத்தில் வானிலைச் செய்தியாளரை நம்பி, விவாத நிகழ்ச்சியை நம்பாமலும் இருக்கலாம்.

நீல டிக் இருந்தால் நம்பலாமா?

ட்விட்டரில் 2022 நவம்பர் வரை, அது இன்னார்தான் என்று சரிபார்த்ததற்கான அடையாளம். அதன்பிறகு பணம் கட்டினால் கிடைத்தது. அந்த மாதமே எலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் டிக் வாங்கிய போலிக் கணக்கு, இன்சுலின் இலவசம் என்று அறிவித்தது. உண்மையான நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. முன்பும்கூட டிக் ஆளைத்தான் உறுதிசெய்தது, அவர் சொல்வதை அல்ல.

வாசகர்களே குறிப்பு எழுதும் முறை, தொழில்முறைச் சரிபார்ப்பாளர்களைவிட மேலா?

முன்பு ட்விட்டராக இருந்த எக்ஸ் தளத்தின் சமூகக் குறிப்புகளைக் கேட்கிறீர்கள். 2021-ல் சோதனையாகத் தொடங்கியது. வழக்கமாக மாறுபட்டு மதிப்பிடுகிற ஆட்கள் ஒரு குறிப்பைப் பயனுள்ளது என்று சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் அது வெளியே தெரியும். இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, எந்தத் தரப்பும் கூட்டம் சேர்த்து வெல்ல முடியாது. ஆனால் சூடான அரசியல் விஷயத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொள்வது அரிது. ஒப்புக்கொள்வதற்குள் பதிவு லட்சக்கணக்கானவர்களைத் தாண்டிப் போயிருக்கும். நல்ல குறிப்புகள் பலவும் தொழில்முறைச் சரிபார்ப்பாளர்களின் கட்டுரைகளையே ஆதாரமாகக் காட்டுகின்றன. 2025 ஜனவரியில் மெட்டா, அமெரிக்காவில் வெளிச் சரிபார்ப்பாளர்களை விலக்கிவிட்டு இந்த முறைக்கு மாறப்போவதாக அறிவித்தபோது வருந்தினேன். இரண்டும் வேண்டும்.

செய்தி உண்மையா என்று ஏஐ-யிடமே கேட்டுவிடுகிறேன். போதுமா?

போதாது. பிபிசியும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் 2025-ல் 18 நாடுகளில், 14 மொழிகளில் சோதித்தபோது, செய்தி பற்றிய பதில்களில் 45 சதவீதத்தில் ஏதேனும் ஒரு முக்கியக் குறை இருந்தது. அது காட்டும் இணைப்பைத் திறந்து, சொன்னது அங்கே இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

எனக்கு நேரமே இல்லை. ஒரே ஒரு பழக்கம் சொல்லுங்கள்.

பக்கத்தை விட்டு வெளியே போங்கள். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 10 வரலாற்றாசிரியர்கள், 10 சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்களுக்கு ஒரே இணையதளங்களைக் கொடுத்து எடைபோடச் சொன்னார்கள். படித்த பேராசிரியர்களே வடிவமைப்பிலும் லோகோவிலும் மயங்கினார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தத் தளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புதிய டேப்களைத் திறந்து மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

அரசாங்கமே ஒரு சட்டம் போட்டுப் பொய்ச் செய்தியைத் தடுத்துவிடலாமே?

எது உண்மை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆட்சியில் இருப்பவரிடம் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை, அவர் நான் ஓட்டுப் போட்டவராக இருந்தாலும். நான் கேட்பது வெளிப்படைத்தன்மை. எந்தப் பதிவை எத்தனை பேருக்கு, ஏன் காட்டினார்கள் என்பதை வெளி ஆய்வாளர்கள் பார்க்க முடிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் பெரிய தளங்களிடம் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. மறுபக்கம், ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று பத்திரிகையாளர்கள் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை 2024 ஆகஸ்டில் மெட்டா மூடிவிட்டது. எங்கள் வேலைக்கு அது பெரிய இழப்பு.

செய்தி பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். மனம் நிம்மதியாக இருக்கிறது. தவறா?

தவறு என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன 2024 அறிக்கையில் 39 சதவீதம் பேர் சில நேரமாவது செய்தியைத் தவிர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் முழுவதும் நிறுத்தியவருக்கும் செய்தி வந்து சேரத்தான் செய்கிறது, அடுத்தவர் கோபத்தின் வழியாக. அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிடுங்கள். நாளில் ஒருமுறை, நீங்களே தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களில், முழுக் கட்டுரையாகப் படியுங்கள். பரபரப்பான சம்பவம் நடந்த முதல் சில மணி நேரம் படிக்காமலே விடலாம். அப்போது வருவதில் பெரும்பகுதி மறுநாள் மாறிவிடும்.