இடுப்பு மூட்டு மாற்று: எந்தப் பாகத்துக்கு எந்தப் பொருள்?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. வலது இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்கிறார்கள். மட்டமான காதணியோ உலோகப் பட்டை வாட்ச்சோ போட்டால் அவருக்குத் தோல் தடித்து அரிக்கும். உள்ளே வைக்கும் உலோகம் ஒத்துக்கொள்ளுமா? டைட்டானியம் நல்லதா, செராமிக் நல்லதா? கரைந்துபோகும் இம்ப்ளான்ட், 3டி பிரின்ட் மூட்டு என்றெல்லாம் வந்திருக்கிறதே, அதற்காகக் கொஞ்ச நாள் பொறுக்கலாமா? பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா?

பதில்: டைட்டானியமா செராமிக்கா என்று தேர்வு செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரே மூட்டுக்குள் இரண்டும் இருக்கும். செயற்கை இடுப்பு மூட்டில் நான்கு பாகங்கள்: தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் கழுத்தில் மாட்டும் பந்து, இடுப்பெலும்புக் குழியில் உட்காரும் கிண்ணம், கிண்ணத்தின் உள்ளே பொருந்தும் லைனர். தண்டும் கிண்ணமும் எலும்போடு ஒட்ட வேண்டியவை. பந்தும் லைனரும் ஆண்டுக்குப் பல லட்சம் முறை ஒன்றன்மேல் ஒன்று உரசியும் தேயாமல் இருக்க வேண்டியவை. ஒட்டுவதற்கு நல்ல பொருள் உரசுவதற்கு ஆகாது. டைட்டானியத்தில் பந்து செய்தால் சீக்கிரமே கீறல் விழுந்து கரும்பொடியாக உதிரும். ஆகவே மருத்துவரிடம் நான்கு பாகத்துக்கும் தனித்தனியே எது, ஏன் என்று கேளுங்கள்.

முதலில் அரிப்பு விஷயம். காதணியில் தோலைக் கிளப்பிவிடுவது அநேகமாக நிக்கல். இம்ப்ளான்ட் தரத்து 316எல் ஸ்டீலில் நிக்கல் 13 முதல் 15 சதவீதம் உண்டு. எலும்பு முறிவுக்குப் போடும் பிளேட், ஸ்க்ரூ பலவும் இந்த ரகம்தான். கோபால்ட்-குரோமியம்-மாலிப்டினம் கலவையில் நிக்கலின் உச்சவரம்பு, வார்ப்பு வகைக்கு அரை சதவீதம், அடித்து உருவாக்கிய வகைக்கு 1 சதவீதம். மூட்டுக்குப் பயன்படும் டைட்டானியம் கலவையில் சேர்ப்பது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும்தான். நிக்கல் அதன் சேர்மானத்திலேயே இல்லை, இருந்தால் மாசு அளவில் துளி.

தோலில் அரிப்பு வருகிறது என்பதால் உள்ளேயும் அப்படியே வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே வைத்த உலோகத்தால் தொந்தரவு வருவதில்லை. ஆனாலும் உங்கள் அம்மாவுக்கு இந்த வரலாறு இருக்கும்போது, நிக்கல் இல்லாத பாகங்களை இடுப்பு மூட்டில் எளிதாகவே சேர்த்துவிட முடிகிறது என்பதால், வீணாகச் சோதித்துப் பார்ப்பானேன்? சந்தேகப்படும் உலோகத்தின் மாதிரியை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் எடுக்கலாம். கழற்றிய அன்று ஒரு முறையும் அதன் பின் ஓரிரு நாள் கழித்து மறுமுறையும் பார்க்க வேண்டும். முதல் பார்வையோடு நிறுத்தினால் தாமதமாக வரும் எதிர்வினை தவறிப்போகும். டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் பாகத்தை மாற்றுவார்கள். அறுவை சிகிச்சையைக் கைவிட அது காரணமாகாது.

பலர் கவனிக்கத் தவறும் மூன்று இடங்கள் இருக்கின்றன. சிமென்ட் வைத்துப் பொருத்தும் தண்டுகளில் ஒரு வகை, நைட்ரஜன் கூட்டிய ஸ்டீலால் ஆனது. அதில் நிக்கல் 9 முதல் 11 சதவீதம். ‘இடுப்புக்கெல்லாம் டைட்டானியம்தான்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் இந்தத் தண்டு வைக்கப்படுவதற்கு வாய்ப்பு உண்டு. அடுத்தது, தோலை மூடப் போடும் உலோக ஸ்டேப்பிள். அதுவும் ஸ்டீல்தான். 10, 14 நாள் தோலிலேயே இருக்கும் என்பதால் அரிப்புக்காரர்களுக்குக் காயத்தைச் சுற்றிச் சிவந்து, கிருமித் தொற்றோ என்று பயமுறுத்தும். நூல் தையல் போடச் சொன்னால் தீர்ந்தது. மூன்றாவது சிமென்ட்டே. அது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற அக்ரிலிக்; பெரும்பாலும் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்து வரும். செயற்கை நகம், பல்செட் அக்ரிலிக் எதிலாவது அம்மாவுக்கு எரிச்சல் வந்திருந்தாலோ, ஜென்டாமைசின் இனத்தைச் சேர்ந்த நியோமைசின் களிம்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிமென்ட் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது எலும்பின் தரம். சிமென்ட் இல்லாத தண்டு, தட்டி இறுக்கி உட்காரவைப்பது. அதன் மேற்பரப்பு சொரசொரப்பாகவோ 100 முதல் 400 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ளதாகவோ இருக்கும். பல தண்டுகளில் எலும்பின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டை மெல்லிய பூச்சாகப் பூசியிருப்பார்கள். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகப் பிணையும் என்பதை 1950களில் சுவீடனின் பெர்-இங்வார் பிரானெமார்க் முயல் எலும்பில் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்குப் பல் இம்ப்ளான்ட் வைத்தார். இன்று மூட்டுக்கும் அதே தத்துவம்தான். ஆனால் பிணைப்பு நடக்க முதல் சில வாரங்கள் தண்டு அசையக் கூடாது. எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையே அசைவு 50 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு உள்ளே வளரும். 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். அப்படி ஆனால் தண்டு ஒருநாளும் பிடிக்காது, ஒவ்வோர் அடிக்கும் தொடை வலிக்கும். எவ்வளவு எடை ஊன்றலாம் என்று மருத்துவர் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

எலும்பு தளர்ந்துபோன வயதானவர்களுக்கு, குறிப்பாக 70ஐத் தாண்டிய பெண்களுக்கு, தட்டி இறுக்கும்போதோ பின்னால் விழுந்தாலோ தண்டைச் சுற்றி எலும்பு விரிசல் விடும் ஆபத்து கூடுதல். அவர்களுக்கு சிமென்ட் தண்டே பத்திரமானது. 66 என்பது இரண்டுக்கும் நடுவான வயது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து முடிவு செய்வது நல்லது. சிமென்ட் என்று முடிவானால், ஸ்டீல் தண்டை விட்டுக் கோபால்ட்-குரோமியம் தண்டு கிடைக்குமா என்று கேளுங்கள். சிமென்ட்டுக்கு டைட்டானியம் தண்டு வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அது கொஞ்சம் வளையக்கூடியது, சிமென்ட்டோடு உரசி அரிமானம் பிடித்துத் தளர்ந்த பழைய அனுபவம் அதற்கு உண்டு.

வளைவதும் ஒருவகையில் நல்லதுதான். விறைப்பை கிகாபாஸ்கல் என்ற அலகில் அளப்பார்கள்: கெட்டியான தொடை எலும்பு 15 முதல் 20, டைட்டானியம் கலவை சுமார் 110, கோபால்ட்-குரோமியம் 200க்கு மேல். விறைப்பான உலோகம் எடையைத் தானே தாங்கிக்கொண்டால், வேலையில்லாத எலும்பு ஆண்டுக்கணக்கில் மெலியும். சிமென்ட் இல்லாத தண்டுக்கு டைட்டானியம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உரசும் ஜோடி. மூட்டு எத்தனை ஆண்டு வரும் என்பதில் பொருளின் பங்கு அதிகம் தெரிவது இங்கேதான். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானால் கிண்ணம் செய்தார். இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, உதிர்ந்த பொடி சுற்றிலும் கட்டியாகத் திரண்டது. 1962இல் மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றும் லைனர் என்றால் பெரும்பாலும் அதன் வாரிசுதான். பழைய பாலிஎத்திலீன் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். கேட்கச் சொற்பம். ஆனால் உதிரும் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மேக்ரோஃபேஜ் எனும் நோய்த்தடுப்பு செல்கள் அவற்றை விழுங்கிச் செரிக்க முடியாமல் அழற்சிச் சமிக்ஞையை விட்டுக்கொண்டே இருக்கும், எலும்பை அரிக்கும் செல்கள் தூண்டப்படும், கடைசியில் நன்றாக ஒட்டியிருந்த கிண்ணமே ஆடத் தொடங்கும்.

இதற்குத் தீர்வாக 1990களின் கடைசியில் வந்தது குறுக்குப் பிணைப்பு கூட்டிய பாலிஎத்திலீன். 50 முதல் 100 கிலோகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கதிர்வீச்சு கொடுத்து, மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். தேய்மானம் பழையதில் பாதிக்கும் வெகு கீழே இறங்கிவிட்டது. கதிர்வீச்சு மிச்சம் வைக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, எளிதில் வினைபுரியும் துணுக்குகள் ஆக்சிஜனோடு சேர்ந்தால் பிளாஸ்டிக் நாளாவட்டத்தில் நொறுங்கும்; அதைத் தடுக்க உருக்கி ஆற்றுவார்கள், அல்லது வைட்டமின் ஈ கலப்பார்கள். என் பார்வையில் கடந்த கால் நூற்றாண்டில் மூட்டு மாற்றுக்குக் கிடைத்த பெரிய ஆதாயம் இந்த ஆரவாரமில்லாத பிளாஸ்டிக்தான். அதற்கும் ஒரு குறை உண்டு: பிணைப்பு கூடக்கூட முறிவு தாங்கும் சக்தி கொஞ்சம் குறையும். கிண்ணம் சிறியதாக இருக்கும்போது பெரிய பந்து போட்டால் லைனர் மெலிந்து, விளிம்பில் விரிசல் விடலாம். பெரிய பந்து எளிதில் நழுவாது என்பது உண்மை. எனினும் 32 அல்லது 36 மில்லிமீட்டருக்கு மேல் கேட்டு வாங்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

செராமிக் உடையும் என்ற பயம் பழைய ரகங்களிலிருந்து வந்தது. 2001இல் சிர்கோனியா என்ற செராமிக்கால் ஆன ஒரு பந்து வகை, சூளை முறை மாற்றத்தால் உடையத் தொடங்கித் திரும்பப் பெறப்பட்டது. இப்போது வைப்பது முக்கால் பங்கு அலுமினாவும் மீதியில் பெரும்பகுதி சிர்கோனியாவும் கொண்ட கலவை. குரோமியம் ஆக்சைடு சேர்வதால் இளஞ்சிவப்பாக இருக்கும். இந்தப் பந்து உடைவது மிக அரிது. உடைந்த சிலவற்றில் தவறு பொருத்தும் நேரத்தில் நடந்திருக்கும்: தண்டின் கழுத்தில் ரத்தமோ எலும்புத் துணுக்கோ ஒட்டியிருக்க, துடைக்காமல் பந்தை மாட்டி அடித்தால் அழுத்தம் ஒரே புள்ளியில் விழும். ஒருவேளை உடைந்தால், மாற்றாக உலோகப் பந்தை மட்டும் வைக்கக் கூடாது. உள்ளே தங்கிய செராமிக் பொடி அதை உப்புக் காகிதம் போலத் தேய்த்துத் தள்ளும். செராமிக் மேல் செராமிக் என்ற ஜோடியும் உண்டு, தேய்மானம் மிகக் குறைவு. ஆனால் சிலருக்கு நடக்கும்போது கீச்சுச் சத்தம் வரும், கிண்ணம் சாய்ந்து அமைந்தால் விளிம்பு சிதறும். 66 வயதில் அதற்கான தேவை இல்லை. உலோகத்தின் மேல் உலோகம் என்றால் மறுத்துவிடுங்கள். கோபால்ட் துகள்கள் சுற்றுத் திசுவை அழித்ததால் 2010இல் ஒரு வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது, மற்றவையும் பெரும்பாலும் வழக்கொழிந்தன. கோபால்ட்-குரோமியம் பந்தை டைட்டானியம் தண்டில் மாட்டினாலும் அந்த இணைப்பில் சிறிய அளவில் அரிமானம் வரலாம். செராமிக் பந்தில் அது வெகுவாகக் குறைவு.

ஆக, எலும்பு நன்றாக இருந்தால் டைட்டானியம் தண்டு, டைட்டானியம் கிண்ணம், குறுக்குப் பிணைப்பு பாலிஎத்திலீன் லைனர், செராமிக் பந்து. இதில் நிக்கல் பிரச்சினையே எழாது. தயாரிப்பு எது என்பதில், பளபளப்பான விளம்பரத்தைவிட, எந்த மூட்டு எத்தனை ஆண்டு உழைத்தது என்று கணக்கு வைக்கும் பதிவேடுகளை நம்புங்கள். சுவீடனில் 1979 முதலும் ஆஸ்திரேலியாவில் 1999 முதலும் பிரிட்டனில் 2003 முதலும் மூட்டுப் பதிவேடுகள் இருக்கின்றன. 10 ஆண்டுக் கணக்கு உள்ள மாதிரியா, மருத்துவர் அதை வழக்கமாகவே வைப்பவரா என்று இரண்டையும் கேளுங்கள். கை பழகாத மருத்துவரிடம் உயர்ந்த பொருளும் கோணலாகத்தான் உட்காரும்.

புதியவற்றுக்காகக் காத்திருப்பது பற்றி. கரையும் பொருள்கள் உண்மையானவை, பயனுள்ளவை, ஆனால் வேலை வேறு. பாலிலாக்டிக் அமில ஸ்க்ரூ தசைநார்ச் சீரமைப்பில் பயன்படுகிறது; முழுக்கக் கரைய 2 முதல் 5 ஆண்டு ஆகலாம். கரையும்போது அமிலம் வெளியாவதால் சிலருக்கு நீர்க்கட்டி வரும். அதைத் தணிக்கக் கால்சியம் பாஸ்பேட் கலக்கிறார்கள். மெக்னீசியம் ஸ்க்ரூ ஐரோப்பாவில் 2013 முதல் அனுமதியில் இருக்கிறது. கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும், எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்பாகத் தெரியும். விவரம் தெரியாதவர் தொற்று என்று நினைத்துப் பதறுவார். இவையெல்லாம் எலும்பு சேரும்வரை பிடித்துக்கொள்ளும் தற்காலிகப் பிடிகள். நடக்கும்போது இடுப்பு மூட்டில் விழுவது உடல் எடையின் இரண்டரை முதல் மூன்று மடங்கு. அதைக் காலமெல்லாம் தாங்க வேண்டிய இடத்தில் கரைவதற்கு வேலை இல்லை. 3டி பிரின்ட் ஏற்கெனவே வழக்கத்தில் உள்ளது: டைட்டானியம் கிண்ணத்தின் துளைப் பரப்பை அப்படி அச்சிடுகிறார்கள். எலும்பு பெருமளவு போய்விட்ட மறு அறுவை சிகிச்சையில் அது பெரும் உதவி, முதல் முறைக்கு அவ்வளவு வித்தியாசம் இல்லை. நோயாளியின் குருத்தெலும்பு செல்லைக் கொலாஜன் சவ்வில் வளர்த்து ஒட்டும் சிகிச்சைக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் முழங்காலில் ஓரிடத்தில் விழுந்த பள்ளத்துக்குத்தான். முற்றிலும் தேய்ந்த மூட்டுக்கு ஆகாது. காத்திருக்கும் காலத்தில் தொடைத் தசை வற்றும். தள்ளிப்போடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். டைட்டானியமும் கோபால்ட்-குரோமியமும் காந்தத்தால் இழுபடுபவை அல்ல. இடுப்பருகே படம் சிதையும், கோபால்ட்-குரோமியத்தில் அதிகமாக. உள்ளே உலோகம் இருப்பதை முன்பே சொன்னால் சிதைவைக் குறைக்கும் முறையில் எடுப்பார்கள். இதற்காகவும், பிற்காலத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்ற நேர்ந்தால் பொருந்துவதைத் தேடவும், நான்கு பாகங்களின் பெட்டி ஸ்டிக்கர்களும் வேண்டும். மாடல், அளவு, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஒட்டித் தரச் சொல்லிப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளைப் பற்றி இவ்வளவு பேசினாலும், ஆரம்ப ஆண்டுகளில் மூட்டைக் கெடுக்கும் முக்கிய எதிரிகளில் ஒன்று கிருமி. உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. பாக்டீரியா அதன்மேல் படலமாகப் படிந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக் எட்டாது. எனவே சர்க்கரை இருந்தால், சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 7.5 சதவீதத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள். சொத்தைப் பல், காலில் புண் இருந்தால் முன்பே சரிசெய்யுங்கள். அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம் கழியட்டும். அறுவை முடிந்து ஒரு வாரத்துக்கு மேலும் காயத்தில் நீர் கசிந்தாலோ, நன்றாக இருந்த மூட்டு திடீரென்று காய்ச்சலோடு வலித்தாலோ, வீட்டில் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். மூட்டு நீரை எடுத்து அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் முன் மாத்திரை விழுந்துவிட்டால் எந்தக் கிருமி என்று பிடிபடாமல் போகும். நேராக அறுவை செய்தவரிடமே அழைத்துச் செல்லுங்கள்.