லாக்கரில் இருந்த புட்டி

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் வீரர் மார்க் மெக்வயரை ஒரு காலத்தில் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். ஸ்டீராய்டு (ஊக்கமருந்து) சந்தேகம் வந்ததும் அதே ஜனங்கள் கீழே போட்டுவிட்டார்கள். ரசிகர்களுக்கு நன்றியே கிடையாதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: சந்தேகம் பிறகு வந்தது என்கிறீர்களே, அங்கேதான் எனக்கும் உங்களுக்கும் தகராறு. சந்தேகம் அவர் உச்சத்தில் இருந்தபோதே வந்துவிட்டது. யாரும் அதை வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

1998 ஆகஸ்ட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக மெக்வயர் ஹோம் ரன்களை (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்துக் குவித்துக்கொண்டிருந்தார். ஒரே சீசனில் 61 ஹோம் ரன் என்ற ரோஜர் மாரிஸின் 1961 சாதனை எப்போது உடையும் என்று நாடே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டைன், வீரர்களின் அறையில் மெக்வயருடைய லாக்கரின் மேல்தட்டைக் கவனித்தார். பாப்பாய் படம் போட்ட கீரை டப்பா, சூயிங் கம், பக்கத்தில் ஒரு பழுப்பு நிறப் புட்டி. ஒளித்து வைக்கப்படவில்லை, வருகிற போகிற எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது. ஆண்ட்ரோஸ்டெனிடயோன் என்று அதன் மேல் எழுதியிருந்தது. உடலுக்குள் போனதும் தசையை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனாக மாறும் பொருள் அது. அப்போது ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்கக் கால்பந்து லீகில் தடை, பேஸ்பாலில் தடை இல்லை.

செய்தி வந்தது. கோபமும் வந்தது, ஆனால் நிருபர் மேல். அடுத்தவர் லாக்கரை எட்டிப் பார்க்கலாமா என்று அவரைத்தான் கண்டித்தார்கள். அந்தச் செய்தி நிறுவனத்தையே வீரர்கள் அறைக்குள் விடக்கூடாது என்றார் அணியின் மேலாளர் டோனி லா ருசா. சில வாரங்களில், செப்டம்பர் 8 அன்று, மெக்வயர் 62-வது ஹோம் ரன்னை அடித்தார். ஓடும்போது கட்டாயம் மிதிக்க வேண்டிய முதல் பேஸை சந்தோஷத்தில் மிதிக்காமலே தாண்டி ஓடியவரைப் பயிற்சியாளர் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு பார்வையாளர் பகுதிக்குப் போய் மாரிஸின் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார். அந்த சீசனை 70 ஹோம் ரன்களோடு முடித்தார்.

ஏன் கண்டும் காணாமல் இருந்தார்கள்? 1994-ல் வீரர்கள் வேலைநிறுத்தத்தால் சீசன் பாதியில் நின்று, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரே ரத்தானது. வெறுத்துப் போன ரசிகர்களை மைதானத்துக்குத் திரும்பக் கூட்டிவந்ததில் 1998-ன் ஹோம் ரன் மழைக்குப் பெரிய பங்கு உண்டு. அணி முதலாளிகளுக்கு வசூல், தொலைக்காட்சிக்குப் பார்வையாளர்கள், பத்திரிகைகளுக்கு நல்ல கதை. ஸ்டீராய்டு கூடாது என்று 1991-லேயே லீக்கின் தலைவரான கமிஷனரின் அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஆனால் 2003 வரை லீக் முழுவதற்குமான சோதனை கிடையாது. சோதனையே இல்லாத தடை யாரைத் தடுக்கும்?

அப்புறம் காற்று திசை மாறியது. முன்னாள் சக வீரர் ஹோசே கான்செக்கோ, இருவரும் சேர்ந்தே ஊசி போட்டுக்கொண்டதாகப் புத்தகம் எழுதினார். 2005 மார்ச் 17 அன்று நாடாளுமன்றக் குழு மெக்வயரை அழைத்து விசாரித்தது. ஸ்டீராய்டு எடுத்த தங்கள் பிள்ளைகள் தற்கொலை செய்துகொண்டதைப் பற்றி அதே விசாரணையில்தான் பெற்றோர்கள் பேசினார்கள். மெக்வயரோ, "கடந்த காலத்தைப் பற்றிப் பேச நான் இங்கே வரவில்லை" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். புட்டி செய்யாததை இந்த ஒரு வாக்கியம் செய்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பேசிய நாளில் சொல்லக்கூடிய வாக்கியமா அது?

2007-ல் அவர் பெயர் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்கான வாக்கெடுப்புக்கு வந்தது. உள்ளே போக 75 சதவீதம் வேண்டும். பத்திரிகையாளர்கள் கொடுத்தது 23.5. செயின்ட் லூயிஸில் நெடுஞ்சாலை ஒன்றின் பகுதிக்கு வைத்திருந்த அவர் பெயரை எடுத்துவிட்டு, எழுத்தாளர் மார்க் ட்வைன் பெயரை வைத்தார்கள். 2010 ஜனவரியில்தான் அவர் ஒப்புக்கொண்டார்: ஆமாம், எடுத்தேன், 1998-லும் எடுத்தேன், ஆனால் காயம் ஆறுவதற்காக எடுத்தேன், ஹோம் ரன்களுக்கு அது காரணமில்லை. இந்தக் கடைசிப் பகுதியை என்னால் ஏற்கவே முடியாது. காயம் சீக்கிரம் ஆறினால்தானே அத்தனை ஆட்டம் ஆட முடியும்? மருந்து தொடாமல் ஆடி, வாய்ப்பு கிடைக்காமல் சின்ன லீக்குகளிலேயே வயது கழிந்த பையன்களின் இடத்தையும் சேர்த்துத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எந்த ஊரிலும் சாலை இல்லை.

ஆகவே ரசிகர்கள் கோபப்பட்டது நியாயம். அந்தக் கோபம் வீரரோடு நின்றுபோனதுதான் அநியாயம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்தைப் பலர் பங்கு போட்டார்கள், பழி மட்டும் ஒருவர் தலையில் விழுந்தது. நிருபரை விரட்டப் பார்த்த லா ருசா 2014-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். 1998-ல் கமிஷனர் நாற்காலியில் இருந்தவர் பட் செலிக். பத்திரிகையாளர்களின் வாக்கெடுப்பில் மெக்வயரின் 10 வருட வாய்ப்பு 2016 ஜனவரியில் 12.3 சதவீதத்தோடு முடிந்தது. அதே வருடம் டிசம்பரில், அதே ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஆள் தேர்ந்தெடுக்க 16 பேர் கொண்ட ஒரு தனிக் குழு கூடியது. அதன் பட்டியலில் இருவர் பெயரும் இருந்தன. செலிக்குக்கு 15 வாக்கு, தேர்வாகிவிட்டார். மெக்வயருக்கு 5 கூட வரவில்லை.

செலிக்கே உள்ளே இருக்கும்போது வீரர்களை மட்டும் எப்படி வெளியே நிறுத்துவது என்று வாக்களிக்கும் பத்திரிகையாளர்கள் சிலர் அப்போது வெளிப்படையாகவே கேட்டார்கள். இதேபோல் ஸ்டீராய்டு சந்தேகத்தில் சிக்கிய பேரி பாண்ட்ஸின் ஆதரவு அடுத்த வாக்கெடுப்பில் 44.3-லிருந்து 53.8 சதவீதத்துக்கு ஏறியது. 2022-ல் அவருடைய கடைசி வாய்ப்பில் அது 66 வரை போய், 75-ஐத் தொடாமலே நின்றது.